அக்ரோபோலிஸ்: பழுதுபார்ப்பும் பார்வையாளர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதென்ஸ் நகரின் நடுவே நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றில் நடக்கும் பழுதுபார்ப்பு வேலையைப் பற்றியும், அங்கே வரும் கூட்டத்தைச் சமாளிப்பதைப் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்பதால் கிரீஸின் வேறு சில பழைய இடங்களும் இடையிடையே வரும். சில கேள்விகளுக்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன், விஷயம் அப்படி.

அக்ரோபோலிஸ், பார்த்தினன் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. அக்ரோபோலிஸ் என்பது குன்று. அதன் உச்சியில் இருக்கும் பெரிய கோயில்தான் பார்த்தினன். கி.மு. 447இல் தொடங்கி 432க்குள் கட்டி முடித்தார்கள். அதோடு நுழைவாயில் மண்டபமான புரோபிலேயா, தூண்களுக்குப் பதிலாகப் பெண் சிலைகள் கூரையைத் தாங்கும் எரெக்தியோன், ஓரத்தில் சின்னதாக நிற்கும் அதீனா நைக்கி கோயில் ஆகியவையும் மேலே இருக்கின்றன. தெற்குச் சரிவில் டயோனிசஸ் அரங்கு இருக்கிறது. 1987 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் இடம் இது.

இவ்வளவு உறுதியான கட்டடம் எப்படிச் சிதைந்தது? 2,400 வருஷம் ஆகிவிட்டதே, அதனாலா?

வயது மட்டும் காரணம் என்றால் பார்த்தினன் இன்னும் முழுசாகவே நின்றிருக்கும். முதலில் கோயிலாக இருந்தது, பிறகு கிறித்தவ தேவாலயமானது, ஒட்டோமான் ஆட்சியில் மசூதியானது. யாரோ ஒருவர் பயன்படுத்திக்கொண்டே இருந்ததால் கூரையோடு நின்றது. 1687இல் வெனிஸ் படை ஏதென்ஸை முற்றுகையிட்டபோது ஒட்டோமான்கள் வெடிமருந்தை இந்தக் கட்டடத்துக்குள் வைத்திருந்தார்கள். செப்டம்பர் 26ஆம் தேதி வந்து விழுந்த ஒரு குண்டில் நடுப்பகுதி முழுவதும் வெடித்துச் சிதறியது. வெற்றி பெற்ற தளபதி மொரோசினி, மேற்கு முகப்பில் இருந்த குதிரைச் சிலைகளை இறக்கிக்கொண்டு போகப் பார்த்தார். அவை கீழே விழுந்து உடைந்தன. 1801 தொடங்கி, ஒட்டோமான் அரசுக்கான பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்ஜின் பிரபுவின் ஆட்கள் சிற்பங்களைக் கழற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். சிற்பத்தை எடுப்பதற்காக அதைப் பிடித்திருந்த கட்டடக் கற்களையும் அறுத்தார்கள்.

இதற்கெல்லாம் பிறகு வந்த கேடு பழுதுபார்த்தவர்கள் செய்தது.

பழுதுபார்த்தவர்களே கெடுத்தார்களா? எப்படி?

நிகோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் 1898 தொடங்கி 1930கள் வரை இங்கே வேலை செய்தார். 1894 நிலநடுக்கத்தில் கட்டடம் ஆடிப்போயிருந்ததால் வேலை அவசியமாகத்தான் இருந்தது. விழுந்து கிடந்த வடக்கு வரிசைத் தூண்களை அவர்தான் மறுபடி நிறுத்தினார். இன்று நாம் படங்களில் பார்க்கும் பார்த்தினன் பெரும்பாலும் அவர் கொடுத்த உருவம்தான்.

ஆனால் கற்களை இணைக்க அவர் சாதாரண இரும்பைப் போட்டார். பழங்காலக் கொத்தர்களும் இரும்புக் கவ்விதான் போட்டிருந்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கல்லில் பள்ளம் வெட்டி, கவ்வியை அதில் இறக்கி, சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றி மூடினார்கள். ஈயம் தண்ணீரை உள்ளே விடாது, கல் கொஞ்சம் அசைந்தாலும் வளைந்து கொடுக்கும். அந்தக் கவ்விகளில் பல இன்றைக்கும் துருவேறாமல் இருக்கின்றன. பலானோஸ் ஈயத்தை விட்டுவிட்டு இரும்பை வெறுமனே சிமென்ட் கலவையில் பதித்தார்.

அப்புறம் நடந்தது நம் கடலோர ஊர்களில் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும். கூரைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதி, சிமென்ட் பூச்சைப் பெயர்த்துத் தள்ளுமே, அதேதான் இங்கே பளிங்கில் நடந்தது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் இல்லாததால் பளிங்கை வெடிக்க வைத்தது. வெனிஸ் குண்டுக்குத் தப்பிய கற்கள்கூட இந்தக் கம்பிகளால் பிளந்தன.

அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு இதைவிட வருத்தமானது. கீழே கிடந்த கற்களில் எது எங்கே இருந்தது என்று பார்க்காமல், பொருந்துவதுபோல் தெரிந்ததை ஏற்றினார். பொருந்தாத இடத்தில் பழைய கல்லைச் செதுக்கிப் பொருத்தினார். இரும்பைக் கழற்றிவிடலாம், செதுக்கிய கல்லைப் பழையபடி ஆக்க முடியாது. அவர் காலத்தில் பலரும் இப்படித்தான் வேலை செய்தார்கள், அவருக்கு அந்த இடத்தின் மேல் அக்கறை இல்லாமலும் இல்லை. ஆனாலும் அவர் விட்டுப்போனதைச் சரிசெய்யப் பின்னால் வந்தவர்கள் ஒரு தலைமுறைக்கும் மேலாக உழைக்க வேண்டியிருந்தது.

1975க்குப் பிறகு என்ன மாறியது?

அந்த வருஷம் அக்ரோபோலிஸ் சின்னங்களைக் காப்பதற்கென்று தனிக் குழுவை அமைத்தார்கள். கட்டடக் கலைஞர்கள், தொல்லியலாளர்கள், பொறியாளர்கள், வேதியியலாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் ஏற்பாடு அது. 1999இல் களவேலைக்காகத் தனி அமைப்பையும் ஏற்படுத்தினார்கள். ஹராலம்போஸ் பூராஸ், மனோலிஸ் கோரஸ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களின் பெயர்களை இந்த வேலையிலிருந்து பிரிக்க முடியாது.

அவர்கள் வைத்துக்கொண்ட விதிகளுக்கு பழைய சின்னங்களைப் பழுதுபார்ப்பதற்கென்று 1964இல் உருவான வெனிஸ் சாசனம் என்ற சர்வதேச ஆவணம் அடிப்படை. ஊகம் தொடங்கும் இடத்தில் வேலையை நிறுத்த வேண்டும், புதிதாகச் சேர்த்தது தனியாகத் தெரிய வேண்டும் என்பவை அதில் உள்ளவை. அக்ரோபோலிஸ் குழு அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டது: இன்று நாம் செய்ததை நாளை வருகிறவர்கள் கல்லுக்குச் சேதமில்லாமல் கழற்ற முடிய வேண்டும். பலானோஸ் செதுக்கிய கற்களைத் தினமும் பார்த்துக்கொண்டே வேலை செய்தவர்களுக்கு இந்த விதி தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்தப் பக்கத்தில் வரும் மற்ற எல்லா விஷயங்களையும் நான் இந்த விதியை வைத்தே எடை போடுகிறேன். கட்டடமோ பாதையோ கூரையோ விளக்கோ, பழைய இடத்தில் நாம் எதைச் சேர்த்தாலும் அதைத் திரும்ப எடுத்துவிட முடியுமா என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும்.

முதலில் எரெக்தியோனைக் கையில் எடுத்து 1987இல் முடித்தார்கள். அதீனா நைக்கி கோயிலை 2000இல் பிரிக்கத் தொடங்கி, 2010இல் திரும்பக் கட்டி முடித்தார்கள். பாவம், அந்தச் சின்னக் கோயில் ஏற்கெனவே 17ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான்களால் பிரிக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, 1930களில் மறுபடி பிரித்துக் கட்டப்பட்டது.

கீழே சிதறிக் கிடக்கும் கல் எந்த இடத்துக்குரியது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பார்த்தினனில் நேர்கோடே இல்லை என்று சொல்லலாம். கோயில் நிற்கும் மேடை நடுவில் லேசாக மேலெழும்பி இருக்கும். சுமார் 70 மீட்டர் நீளமுள்ள பக்கத்தில் அந்த உயரம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர்தான், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. தூண்கள் உள்பக்கம் சற்றே சாய்ந்து நிற்கின்றன, நடுவில் மெல்லப் பருத்திருக்கின்றன. மூலைத்தூண்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிமன்.

இதனால் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கற்கள் உண்மையில் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு கல்லின் அடிப்பக்கம் மில்லிமீட்டர் கணக்கில் எந்தப் பக்கம் சரிகிறது என்று அளந்தாலே அது எந்த வரிசையில், நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று நெருங்கிவிடலாம். பிறகு கவ்விப் பள்ளங்களைப் பார்ப்பார்கள். இந்தக் கல்லின் ஓரத்தில் பாதிப் பள்ளம் இருந்தால் மறுபாதி பக்கத்துக் கல்லில் அதே தூரத்தில் இருந்தாக வேண்டும். மழை எந்தப் பக்கத்தை அரித்திருக்கிறது, வெடிப்பில் எந்தப் பக்கம் தெறித்திருக்கிறது என்பதும் சாட்சி சொல்லும். கோரஸ் இப்படி ஒவ்வொரு கல்லாக அளந்து வரைந்துதான் பலானோஸ் இடம் மாற்றி வைத்தவற்றைக் கண்டுபிடித்தார்.

தூணின் உருளைக் கற்களைப் பிரித்தபோது நடுவில் சதுரக் குழிக்குள் மரத்துண்டுகள் இருந்தன. மேல் கல்லையும் கீழ்க் கல்லையும் நேராக நிறுத்த அன்றைக்கு வைத்தவை. இரண்டு கற்களும் காற்றுகூடப் புகாதபடி அவ்வளவு நெருக்கமாக இழைக்கப்பட்டிருந்ததால் அந்த மரம் உளுத்துப் போகவில்லை.

உடைந்த கல்லில் புதுப் பளிங்கை எப்படிச் சேர்க்கிறார்கள்?

ஒரு உத்தரக் கல்லின் மூலை உடைந்துபோய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பழைய முறை என்றால் உடைந்த முகத்தைச் சமமாக வெட்டிவிட்டு அதில் புதுத் துண்டை ஒட்டுவார்கள். வேலை சுலபம், ஆனால் பழைய கல் இன்னும் கொஞ்சம் போய்விடும். இப்போது பழைய கல்லில் உளி படுவதில்லை. உடைந்த முகத்தை அதன் மேடு பள்ளத்தோடு அப்படியே பிளாஸ்டரில் அச்செடுக்கிறார்கள். பிறகு ஊசிமுனை கொண்ட ஒரு கருவியால் அந்த அச்சின் ஒவ்வொரு புள்ளியையும் புதுப் பளிங்குக்கு மாற்றி, எதிர்முகமாகச் செதுக்குகிறார்கள். கடைசியில் இரண்டும் பூட்டிக்கொள்வதுபோலச் சேர்கின்றன. இதைச் செதுக்குபவர்கள் பரம்பரையாகவும் பயிற்சியாலும் தேர்ந்த பளிங்குக் கொத்தர்கள். இயந்திரம் துணைக்கு இருந்தாலும் கடைசி மில்லிமீட்டர் கையால் செய்யும் வேலைதான்.

இரண்டையும் பிடித்துவைப்பது டைட்டானியம் கம்பி. வெள்ளைச் சிமென்ட் கலவையில் அதைப் பதிக்கிறார்கள். டைட்டானியம் துருப்பிடிக்காது, வெயிலில் அதிகம் விரியாது. நிலநடுக்கம் வந்தால் முதலில் விட்டுக்கொடுப்பது கம்பியாக இருக்க வேண்டும், பளிங்காக இருக்கக் கூடாது என்று கணக்குப் போட்டு அதன் தடிமனை முடிவு செய்கிறார்கள். கம்பி போனால் வேறு கம்பி போட்டுக்கொள்ளலாம்.

புதுப் பளிங்கு வருவது பென்டெலி மலையின் வடபுறம் இருக்கும் டயோனிசோஸ் சுரங்கத்திலிருந்து. கோயிலைக் கட்டிய கல்லும் அதே மலையிலிருந்து வந்ததுதான்.

புதுக்கல் வெள்ளை வெளேரென்று ஒட்டுப்போட்டதுபோல் தெரிகிறதே. நிறம் கொடுத்து மறைத்தால் என்ன?

ஒட்டு தெரிவது நல்லதுதான் என்பது என் கருத்து. பார்க்கிறவருக்கு எது கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கல், எது நேற்றைய கல் என்று தெரிய வேண்டும். பென்டெலிப் பளிங்கில் நுண்ணிய அளவில் இரும்பு இருப்பதால் வெயிலும் மழையும் பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு மாறும். சில பத்தாண்டுகளில் புதுக்கல்லின் பளீர் குறைந்துவிடும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், தூரத்தில் நின்றால் உறுத்தாது.

முழுசாகத் திரும்பக் கட்டிவிட்டால் மக்களுக்குப் புரியுமே?

புரியும் என்பது உண்மை. அதற்குக் கிரீஸிலேயே இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு.

ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலில் அட்டாலோஸ் மண்டபம் 1950களில் அமெரிக்கத் தொல்லியல் பள்ளியால் அடியிலிருந்து முழுசாகக் கட்டப்பட்டது. பழைய கட்டடத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் போதுமான மாதிரி கிடைத்திருந்ததால் ஊகம் குறைவு. இன்று அது அந்தத் திடலின் அருங்காட்சியகம். வெயிலில் சுற்றிவிட்டு அந்த நீண்ட நிழல் வரிசைக்குள் நுழைகிறவருக்கு, இப்படிப்பட்ட மண்டபம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது யாரும் விளக்காமலே புரிந்துவிடும்.

கிரீட் தீவின் நாசஸ் வேறு மாதிரி. ஆர்தர் எவன்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அரண்மனையின் மாடிகளையும் சிவப்புத் தூண்களையும் கான்கிரீட்டில் எழுப்பினார். அதில் எவ்வளவு பழையது, எவ்வளவு எவன்ஸின் கற்பனை என்று பிரித்துப் பார்ப்பது சாதாரணப் பார்வையாளரால் ஆகிற காரியம் இல்லை. இப்போது அந்தக் கான்கிரீட்டே நூறு வயதாகி, அதற்கும் பழுதுபார்ப்பு தேவைப்படுகிறது.

பார்த்தினனை முழுசாகக் கட்டினால் 1687இல் நடந்தது அழிந்துபோகும். அந்த வெடிப்பும் அதன் வரலாறுதான். உரிய கற்கள் கிடைத்த அளவுக்கு ஏற்றினால் போதும் என்று குழு எடுத்த முடிவு சரியானது.

எப்போது போனாலும் சாரம் கட்டியிருக்கிறதே?

இப்போது சொன்ன வேகத்தில் வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும். 2025 இலையுதிர் காலத்தில் மேற்கு முகப்பின் சாரத்தைப் பிரித்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பார்த்தினன் சாரமே இல்லாமல் நின்றது. அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். சாரம் இருப்பதைப் பார்த்து ஏமாற்றம் அடைய வேண்டாம், மேலே கொத்தர் வேலை செய்வதும் பார்க்க வேண்டிய காட்சிதான்.

மூலச் சிலைகளை ஏன் கீழே இறக்கி அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்?

காற்று. 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஏதென்ஸ் நகரத்துப் புகை மோசமாகிவிட்டது. புகையில் உள்ள கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து பளிங்கின் மேல் படும்போது பளிங்கின் மேற்பரப்பு ஜிப்சமாக மாறும். மழை படும் இடத்தில் அந்த ஜிப்சம் கரைந்து ஓடிவிடும், அதோடு சிற்பியின் உளித்தடமும் முகத்தின் கூர்மையும் போய்விடும். மழை படாத மடிப்புகளில் ஜிப்சம் புகைக்கரியைப் பிடித்துக் கருப்புப் பொருக்காக ஒட்டிக்கொள்ளும்.

எரெக்தியோனின் ஆறு பெண் சிலைகளில் ஒன்று லண்டனில் இருக்கிறது. மீதி ஐந்தையும் 1979இல் இறக்கினார்கள். இப்போது மேலே நிற்பவை நகல்கள். பார்த்தினனின் மேற்குச் சிற்பப் பட்டையை 1993இல் இறக்கினார்கள்.

2009 ஜூனில் திறந்த புதிய அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் அந்த ஐந்து பெண்களையும் சுற்றி வந்து பார்க்கலாம். மேலே கோயிலில் அவர்களுடைய முதுகுப் பக்கம் யாருக்கும் கிடைக்காது. தடித்துப் பின்னிய கூந்தல் பின்கழுத்தில் இறங்குவதைக் கட்டாயம் பாருங்கள். அது வெறும் அலங்காரம் இல்லை. கழுத்து மெலிதாக இருந்தால் கூரையின் பாரம் தாங்காது என்று சிற்பி அந்தக் கூந்தலை வைத்தே கழுத்துக்குப் பலம் சேர்த்திருக்கிறார்.

2010 முதல் இந்தச் சிலைகளின் கருப்புப் பொருக்கை லேசரால் எடுத்தார்கள். அகச்சிவப்புக் கதிரை மட்டும் பயன்படுத்தினால் பளிங்கு மஞ்சளாகத் தெரியும் என்பதால், புற ஊதாக் கதிரையும் சேர்த்து இயங்கும் ஒரு கருவியைக் கிரீட்டில் உள்ள ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். சிலைகளை ஆய்வகத்துக்கு ஒளித்து எடுத்துப் போகாமல் அருங்காட்சியகத்தின் நடுவிலேயே மறைப்பு கட்டி வேலை செய்தார்கள். உள்ளே நடப்பதை வந்தவர்கள் திரையில் பார்க்க முடிந்தது. பழைய இடத்தை மக்களுக்குக் காட்டுவதில் நான் அறிந்த மிக நல்ல யோசனை இது.

அருங்காட்சியகக் கட்டடத்தைப் பற்றி?

பெர்னார்ட் சூமி என்ற கட்டடக் கலைஞரும் கிரேக்கரான மிகாயில் ஃபோட்டியாடிஸும் வடிவமைத்தது. அடித்தளம் தோண்டும் இடத்தில் பழைய ஏதென்ஸின் ஒரு குடியிருப்பே இருந்தது. அதை மூடாமல் கட்டடத்தைத் தூண்களின் மேல் தூக்கி நிறுத்தினார்கள். கண்ணாடித் தரை வழியாகக் கீழே தெருக்களும் கிணறுகளும் தெரியும், 2019 முதல் கீழே இறங்கியும் பார்க்கலாம். மேல் மாடி மட்டும் மற்ற மாடிகளோடு சேராமல் கொஞ்சம் திரும்பி நிற்கும், பார்த்தினன் எந்தத் திசையில் நிற்கிறதோ அதே திசையில்.

லண்டனில் இருக்கும் சிற்பங்கள் திரும்பி வருமா?

பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. 2023இல் வத்திக்கான் தன்னிடம் இருந்த மூன்று துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தது. ஏதென்ஸில் மேல் மாடியில் லண்டன் சிற்பங்களின் இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டர் நகல்களை வைத்திருக்கிறார்கள். சிற்பப் பட்டையில் செதுக்கிய ஒரே ஊர்வலத்தில் பாதிப் பேர் தேன் நிறம், மீதிப் பேர் சுண்ணாம்பு நிறம். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் நிலை.

மேலே கான்கிரீட் பாதை போட்டதற்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

2020இல், கொரோனாவால் கூட்டம் இல்லாத நேரத்தில், குன்றின் உச்சியில் அகலமான புதுப் பாதைகளைப் போட்டார்கள். வடிவமைத்தவர் இதே மனோலிஸ் கோரஸ். அதே வருஷம் டிசம்பர் 3ஆம் தேதி, உலக மாற்றுத் திறனாளிகள் நாளில், வடமேற்குச் சரிவில் புதிய லிஃப்டையும் திறந்தார்கள். 2004 பாராலிம்பிக்ஸ் சமயத்தில் வைத்த பழைய லிஃப்ட் அடிக்கடி பழுதாகிக்கொண்டிருந்தது.

எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. சாம்பல் நிறக் கான்கிரீட் பாறையின் இயல்பான தோற்றத்தைக் கெடுத்துவிட்டது, பார்த்தினனைச் சுற்றி சாலை போட்டதுபோல் இருக்கிறது என்று கிரீஸிலும் வெளியிலும் தொல்லியலாளர்கள் எழுதினார்கள். அந்தக் குளிர்கால மழையில் மேலே தண்ணீர் தேங்கிய படங்கள் வந்ததும் கோபம் இன்னும் கூடியது. கான்கிரீட்டுக்கு அடியில் பிரிப்பு விரிப்பு போட்டிருக்கிறோம், பாறையோடு ஒட்டவில்லை, தேவைப்பட்டால் எடுத்துவிடலாம் என்பது அரசுத் தரப்பின் பதில். இதற்கு முன்பும் அங்கே கான்கிரீட் பாதைதான் இருந்தது, அது தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது என்பதையும் சொன்னார்கள்.

நான் இதைப் பிரித்துத்தான் பார்க்கிறேன். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு மேலே ஏற வழி வேண்டும் என்பதில் பேரம் பேச எதுவுமில்லை. கூரான மேடு பள்ளப் பாறையில் பல வருஷங்களாக வயதானவர்கள் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். நடந்து தேய்ந்த பளிங்கு கண்ணாடிபோல வழுக்கும். பாதை பாறையையும் காப்பாற்றுகிறது, காலையும் காப்பாற்றுகிறது. ஆனால் அகலம்? ஒரு சக்கர நாற்காலியும் எதிரே வருகிறவரும் ஒதுங்கிப் போகத் தேவையானதைவிடப் பல இடங்களில் அதிகம். அந்த அகலம் சுற்றுலாக் குழுக்களுக்காக. அதை அணுகல் வசதி என்ற பெயரில் சொல்லியிருக்க வேண்டாம். வேலையைத் தொடங்கும் முன்பு வெளிப்படையாக விவாதித்திருக்கவும் வேண்டும். பார்த்தினன் பழுதுபார்ப்புத் திட்டங்களை உலக அறிஞர்கள் முன் வைத்து விவாதித்த பிறகே இறங்கும் நல்ல பழக்கம் இவர்களிடம்தானே இருந்தது.

கூட்டத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்?

2023 செப்டம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று உச்சவரம்பு. டிக்கெட்டில் மணிநேரம் குறிப்பிட்டிருக்கும், அந்த நேரத்தை ஒட்டித்தான் உள்ளே போகலாம். அதற்கு முன்பு கப்பல்களில் வந்தவர்கள் எல்லோரும் காலை ஒரே நேரத்தில் புரோபிலேயா வாசலில் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். 2025 ஏப்ரலில் நுழைவுக் கட்டணத்தை 20 யூரோவிலிருந்து 30 யூரோ ஆக்கினார்கள்.

20,000 என்பது இன்னமும் அதிகம் என்றே நினைக்கிறேன். வாசல் நெரிசல் குறைந்திருக்கிறது, மேலே இருக்கும் நெரிசல் அவ்வளவாகக் குறையவில்லை. கட்டணத்தை ஏற்றுவதைவிட, மக்களைச் சரிவுகளுக்கும் மற்ற இடங்களுக்கும் பரப்பிவிடுவதுதான் நிரந்தர வழி.

வெயிலுக்காக மூடுகிறார்களாமே?

ஆமாம். 2023 ஜூலை வெப்ப அலையில் நண்பகல் முதல் மாலை வரை சில நாட்கள் மூடினார்கள், அடுத்தடுத்த கோடைகளிலும் அப்படி நடந்தது. குன்றின் மேல் நிழலே கிடையாது, பளிங்கு வேறு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். வெயில் வேலையாட்களுக்கும்தான்.

மற்ற இடங்களுக்கு இதைவிடப் பெரிய அச்சம் காட்டுத்தீ. 2007இல் ஒலிம்பியாவை நெருப்பு சூழ்ந்தது. 2020 ஆகஸ்டில் மைசீனியின் சிங்க வாசல் அருகே காய்ந்த புல் எரிந்தது. புல் வெட்டுவதும் தண்ணீர்க் குழாய் போடுவதும் இப்போது தொல்லியல் பாதுகாப்பின் பெரிய வேலைகள்.

மேலே கூரை போட்டுவிட்டால் மழை, வெயில் இரண்டுமே பிரச்சினை இல்லையே?

சில இடங்களில் போட்டிருக்கிறார்கள். பஸாய் என்ற மலையூரில் 1,130 மீட்டர் உயரத்தில் இருக்கும் அப்பல்லோ கோயில் 1987 முதல் பெரிய வெள்ளைக் கூடாரத்துக்குள் இருக்கிறது. அந்தச் சுண்ணாம்புக் கல் பனியையும் உறைபனியையும் தாங்கவில்லை. கோயிலின் அழகே மலைகளுக்கு நடுவே தனியாக நிற்பதுதான், கூடாரம் அதை மறைத்துவிட்டது. இருந்தாலும் பிரித்துவிடக் கூடிய கூடாரம் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

சாண்டோரினி தீவின் அக்ரோத்திரியில் எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்த ஊரின் மேல் புதுக் கூரை போட்டார்கள். வேலை முடியும் தறுவாயில், 2005 செப்டம்பரில், அதில் ஒரு பகுதி சரிந்து விழுந்து ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார். தளம் 2012 வரை மூடியே இருந்தது. பழைய சுவர்களுக்கு நடுவே தூண் ஊன்ற இடம் தேடுவதே கடினம், அதன் மேல் பெரிய கூரையைத் தாங்க வைப்பது அதைவிடக் கடினம். இப்போது இருக்கும் கூரை வெளிச்சத்தையும் காற்றையும் இயற்கையாகவே உள்ளே விடும்படி அமைந்தது.

இரவு விளக்குகள்?

2020 செப்டம்பர் 30 முதல் புது எல்.இ.டி. விளக்குகள், வடிவமைத்தவர் எலெஃப்தேரியா டெகோ. ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாகத் தெரிகிறது. நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

கூட்டமில்லாமல், நிதானமாகப் பார்க்க வேறு இடம் சொல்ல முடியுமா?

மெசீனி. கிரீஸின் தெற்கே இருக்கும் பெலோபொனீஸ் தீபகற்பத்தின் தென்மேற்கில், இதோமி மலையடிவாரத்தில், மவ்ரோமாத்தி என்ற சிற்றூருக்குக் கீழே இருக்கிறது. ஸ்பார்ட்டாவைத் தோற்கடித்த தீப்ஸ் நகரத் தளபதி எபமினோண்டாஸ், தலைமுறை தலைமுறையாக ஸ்பார்ட்டாவுக்கு அடிமைப்பட்டுக் கிடந்த மெசீனிய மக்களுக்காகக் கி.மு. 369இல் உருவாக்கிய நகரம் அது. சுற்றி சுமார் 9 கிலோமீட்டர் மதில். அதன் ஆர்க்கேடியா வாசல் வட்டமான முற்றத்தோடு இன்னும் நிற்கிறது.

1980களின் பிற்பகுதியிலிருந்து 2023இல் இறக்கும் வரை பெட்ரோஸ் தெமெலிஸ் என்ற தொல்லியலாளர் இங்கே அகழாய்வை நடத்தினார். மண்ணிலிருந்து எடுத்த தூண் துண்டுகளைக் குவித்துவைத்துவிட்டு அடுத்த குழிக்குப் போகாமல், தோண்டியதைக் கையோடு நிறுத்திக்கொண்டே போனார். அதனால் அங்கே போகிறவருக்குக் குழிகளும் அடித்தளக் கோடுகளும் மட்டும் கண்ணில் படுவதில்லை. கல் இருக்கைகளோடு ஓட்டப்பந்தயத் திடல், அதைச் சூழ்ந்த தூண் வரிசைகள், கோடியில் கோயில்போல நிற்கும் ஒரு குடும்பத்தின் கல்லறை மண்டபம் என்று ஒரு நகரமே புரிகிறது. பழைய ஊரின் மேல் புது ஊர் பெரிதாக வளராததும் அதிர்ஷ்டம். 2011இல் இந்தப் பணிக்கு ஐரோப்பியப் பாரம்பரியப் பாதுகாப்புக்கான யூரோப்பா நோஸ்ட்ரா விருது கிடைத்தது.

ஒலிவ மரங்களுக்கு நடுவே மண் பாதை, கொஞ்சம் பலகைகள், ஊருக்குள் ஒரு சின்ன அருங்காட்சியகம். வசதி என்று பார்த்தால் அவ்வளவுதான், எனக்கு அதுவே போதுமென்று படுகிறது. ஏதென்ஸில் நின்று நின்று கால் வலித்தவர்கள் ஒரு நாள் ஒதுக்கி இங்கே வந்தால், கிரேக்க நகரம் என்றால் என்னவென்று அக்ரோபோலிஸில் கிடைக்காத ஒரு தெளிவு கிடைக்கும்.

பழைய அரங்குகளில் நாடகம், கச்சேரி நடத்துவது கல்லுக்குக் கெடுதல் இல்லையா?

அளவோடு செய்தால் நல்லது. எபிடாரஸ் அரங்கில் 1950களிலிருந்து கோடைதோறும் பழைய கிரேக்க நாடகங்கள் நடக்கின்றன, சுமார் 14,000 பேர் உட்காரலாம். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தைத்தான் யாராவது கவனித்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் கனமான மேடை, ஒலிபெருக்கி, கூர்மையான குதிகால் செருப்பு இவற்றுக்கெல்லாம் கட்டுப்பாடு வேண்டும். குதிகால் செருப்புக்குப் பல ஆண்டுகளாகவே தடை இருக்கிறது.

2008இல் முன்னாள் பண்பாட்டு அமைச்சர் ஸ்டாவ்ரோஸ் பெனோஸ் தொடங்கிய டியாசோமா என்ற அமைப்பு, பழைய அரங்குகளைக் காப்பாற்றப் பொதுமக்களிடம் பணம் திரட்டுகிறது. ஒவ்வொரு அரங்குக்கும் தனித்தனி உண்டியல் கணக்கு உண்டு. தன் ஊர் அரங்குக்கு என்று கொடுக்கிறவர், அதில் வேலை நடக்கிறதா என்று வந்தும் பார்ப்பார்.

போகிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நேரம் குறித்து டிக்கெட் எடுங்கள். திறக்கும் நேரம் அல்லது மாலை நல்லது. தெற்குப் பக்கம் டயோனிசஸ் அரங்கு வாசல் வழியாக நுழைந்தால் சரிவைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏறலாம். நல்ல பிடிப்புள்ள செருப்பு, தொப்பி, தண்ணீர் கட்டாயம். பார்த்தினனுக்குள் போக முடியாது, சுற்றி வரத்தான் முடியும். அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு மேலே போனால் எது எங்கே இருந்தது என்று மனதில் நிற்கும். லிஃப்ட் தேவைப்படுகிறவர்கள் புறப்படும் முன்பே அது ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள், பலமாகக் காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள்.

தரையில் கிடக்கும் சின்னப் பளிங்குத் துண்டு ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்து வரலாமா?

கூடாது. கிரேக்கச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பிடிபட்டால் வழக்கு வரும். உள்ளங்கை அளவுத் துண்டுக்குக்கூட உரிய இடம் எங்கோ ஒரு கல்லில் இருக்கலாம். அது கிடைக்காமல் போனால் அந்த ஓட்டையை நிரப்ப ஒரு கொத்தர் புதுப் பளிங்கில் வாரக்கணக்கில் செதுக்க வேண்டியிருக்கும்.